ஊரணியைத் திட்டத்தில் சேர்க்கத் தரகர் எதற்கு?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் எங்களுடையது ஒரு சிற்றூர். குடிநீர் ஊரணியைத் தூர்வாரச் சொல்லி மூன்று ஆண்டுகளாகக் கிராம சபையில் பேசுகிறோம், நடக்கவில்லை. 20,000 ரூபாய் கொடுத்தால் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் எந்த வேலை இடம்பெற வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை கிராம சபைக்கு உரியது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள நீங்கள் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். உங்களுக்கு உரிமையானதை உங்களுக்கே விற்கப் பார்க்கிறார் அந்த மனிதர்.

பேசினோம் என்கிறீர்கள். பேசியது எழுத்தில் ஏறியதா? ‘அடிப்படை வசதிகள் குறித்து விவாதிக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அதை வைத்து எந்தப் பொறியாளரும் மதிப்பீடு போட முடியாது. ஊரணியின் பெயர், புல எண், பரப்பு, வரத்துக்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அதையே தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதை உரக்கப் படிக்கட்டும். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

கையெழுத்தில்தான் எல்லாம் கெடுகிறது. ஓர் ஊரின் தீர்மானப் புத்தகத்தைப் பார்த்தேன். ஆறு வரி எழுதியிருந்தது. கீழே முக்கால் பக்கம் வெறுமை. அடுத்த பக்கத்தில் பெண்களின் கையெழுத்தும் கைநாட்டும் வரிசையாக இருந்தன. நூறு நாள் வேலைக்கு வந்தவர்களிடம் வருகைப் பதிவு என்று சொல்லி வாங்கியவை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால், அந்த வெறும் இடத்தில் யாருமே கேட்காத பேவர் பிளாக் சாலை ஒன்று ஏறியிருந்தது. 501 முதல் 3,000 பேர் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்ல வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, 100 பேர். ஆள் சேராத கூட்டத்துக்கு இப்படித்தான் கையெழுத்துச் சேர்க்கிறார்கள். கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடம் இருந்தால், குறுக்கே கோடு போடும்வரை நகராதீர்கள். அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘தலைவரே இல்லை, இப்போது தீர்மானம் எப்படிச் செல்லும்?’ என்றும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. உங்கள் மாவட்டமும் அதில் ஒன்று. தலைவர் பதவி காலியானால் கிராம சபை காலியாகிவிடாது. அது தேர்தலில் உருவான அமைப்பு அல்ல. வாக்காளர்கள் இருக்கும்வரை இருக்கும். தலைவர் செய்ய வேண்டியதைத் தனி அலுவலர் செய்தாக வேண்டும். ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிகளையும் ஒரே வட்டார வளர்ச்சி அலுவலர் தலையில் கட்டிவிட்டு, எல்லா ஊரிலும் ஒரே நாளில் கூட்டம் என்றால் அவர் எந்த ஊருக்கென்று போவார்? மேலே இருப்பவர்கள் யோசித்திருக்க வேண்டிய கேள்வி இது. விலை கொடுப்பது நீங்கள். ஆகவே ஊரணி விவரம் எழுதிய தாளின் இன்னொரு பிரதியை ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

நிதி இல்லை என்ற பதிலை அப்படியே ஏற்காதீர்கள். மத்திய அரசின் 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீர், மழைநீர் சேகரிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்தப் பணம் எதற்குச் செலவானது என்று சபையில் கணக்குக் கேளுங்கள்.

அடுத்த ஆண்டுத் திட்டத்துக்கு அக்டோபர் 2 கூட்டம்தான் முக்கியம். அதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மூன்று ஆண்டுத் தீர்மான நகல்களைக் கேளுங்கள். 30 நாளில் தர வேண்டும். ஏற்கெனவே ஒப்புதலான திட்டத்தை ஊராட்சிகளுக்கான மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊரணி எந்தப் படியில் விழுந்தது என்று தெரிந்துவிடும். கூட்டத்தில் அதை மட்டும் கேளுங்கள்.