குருவாயூர் கல்யாணத்துக்குக் கிளம்புகிறவருக்கு

அன்புள்ள ஐயா,

என்னுடன் வேலை பார்க்கும் மலையாளி நண்பருக்கு ஆவணியில் குருவாயூரில் கல்யாணம். மனைவி, அம்மா, ஒரு கிறிஸ்தவ நண்பர் என்று நாலு பேர் கிளம்புகிறோம். குருவாயூர் எக்ஸ்பிரஸிலேயே டிக்கெட் போட்டுவிடலாமா? ஜீன்ஸ் போட்டால் விடுவார்களா? நண்பருக்கு அனுமதி உண்டா? முகூர்த்தம் எட்டு மணிக்கு. ஏழரைக்குப் போனால் போதும்தானே?

கே., சென்னை

அன்புள்ள கே.,

பெயரை நம்பி அந்த ரயிலில் ஏறிவிடாதீர்கள். காலையில் எழும்பூரில் கிளம்பி மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று தெற்கே இறங்கி, திருவனந்தபுரம், எர்ணாகுளம் வழியாக மேலேறி, மறுநாள் காலையில்தான் குருவாயூரில் இறக்கிவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்க்க ஆசையிருந்தால் அருமையான ரயில்தான். அம்மாவை அழைத்துக்கொண்டு வேண்டாம். சென்ட்ரலிலிருந்து கோவை, பாலக்காடு வழியாகப் போகும் இரவு ரயிலில் ஏறித் திருச்சூரில் இறங்குங்கள். அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முந்தின நாளே இறங்கிவிட வேண்டும். நம் ஆவணி அவர்களுக்குச் சிங்க மாதம், கல்யாண சீசன். லாட்ஜ் அறையை இப்போதே பிடித்துவையுங்கள்.

முகூர்த்தத்துக்கு வருவோம். தாலி கட்டுவது கோயிலுக்குள் அல்ல, கிழக்கு வாசலுக்கு வெளியே இருக்கும் மண்டபங்களில். ஒரு ஜோடி இறங்க இறங்க அடுத்த ஜோடி ஏறும். தாலி, மாலை, ஒரு கும்பிடு, கேமராக்காரருக்கு ஒரு சிரிப்பு. பத்து நிமிடம் எடுத்தால் அதிகம். அதற்குள் பின்னால் நிற்கும் கூட்டம் தன் பெண்ணை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். 2024 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் முந்நூறுக்கு மேல் கல்யாணம். விடிகாலை 4 மணிக்கே ஆரம்பித்தார்கள். மணமக்களோடு சேர்த்து இருபத்து சொச்சம் பேரைத்தான் மண்டபத்துப் பக்கம் விட்டார்கள். நல்ல முகூர்த்த நாள் என்றால் ஏழரைக்கு வருகிறவர் யார் வீட்டுக் கல்யாணத்தையாவது பார்த்துவிட்டு வரலாம்! ஏழு மணிக்கு முன்பே போய், பெண் வீட்டார் எங்கே கூடியிருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்களோடு ஒட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் தாலி கட்டுவது கண்ணில் படாமல் போகலாம், அதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். விருந்தாளிகளை நிதானமாகப் பார்த்துப் பேசுவது பிறகு ஹாலில்தான். அந்த ஹால் எங்கே என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் கல்யாண ஹால்கள் ஏராளம்.

கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனால் இப்போதைக்கு விதி அதுதான். மண்டபம் வெளியே இருப்பதால் உங்கள் நண்பர் கல்யாணத்தைப் பார்க்கத் தடையில்லை. 2024 ஜனவரியில் நடிகர் சுரேஷ் கோபியின் மகள் கல்யாணத்துக்கு இஸ்லாமியரான மம்மூட்டி வந்திருந்தாரே, அதுவும் இதே இடம்தான்.

தரிசனத்தைக் கல்யாணத்தன்று காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். வரிசையில் நின்றால் முகூர்த்தம் போய்விடும். முந்தின நாள் சாயங்காலமே முடித்துவிடுங்கள். உள்ளே ஆண்களுக்கு வேட்டிதான், சட்டையைக் கழற்ற வேண்டும். ஜீன்ஸ் கதைக்கு ஆகாது. பெண்கள் புடவை கட்டிக்கொண்டால் பிரச்சினையே இல்லை. செல்போனுக்கும் உள்ளே அனுமதி கிடையாது, அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்லிவைக்கிறேன். பாயசம் வந்ததும் பந்தி முடிந்தது என்று இலையை மடக்கிவிடாதீர்கள். அதற்குப் பிறகும் மோருக்குச் சோறு போடுவார்கள். பரிமாறுகிறவர் திரும்பி வரும்போது உங்கள் இலை மூடியிருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மொய் நோட்டோடு வாசலில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள் என்று தேட வேண்டாம். கவரை நண்பர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் நேரமிருந்தால் புன்னத்தூர் கோட்டைக்கு ஆட்டோ பிடியுங்கள், பக்கம்தான். தேவஸ்வம், அதாவது கோயில் நிர்வாகத்தின் யானைகளை அங்கேதான் கட்டியிருக்கிறார்கள். அங்கே உங்கள் நண்பரும் கூட வரலாம்.