பல எஸ்கியூஎல் கட்டளைகளை ஒரே ஸ்ட்ரிங்கில் அனுப்பினால் பாதி மட்டும் ஓடுகிறது, பிழையும் வரவில்லை. செமிகோலனை வைத்துப் பிரித்து அனுப்பலாமா?

பிரிக்காதீர்கள். அதற்கு முன், பிழை எங்கே போனது என்று பார்ப்போம். நானும் இதில் மாட்டியவன்தான்.

ஐந்து கட்டளைகள் கொண்ட மைக்ரேஷன் ஃபைல் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஃபைல்) ஒன்றை, பிஎச்பியில் மைஎஸ்கியூஎல்லோடு பேசும் மைஎஸ்கியூஎல்ஐ-யில், பல கட்டளைகளை ஒன்றாக அனுப்பும் மல்டி குவெரி ஃபங்ஷனுக்கு அப்படியே கொடுத்தேன். ட்ரூ வந்தது. முடிந்தது என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் பார்த்தால் முதல் இரண்டுதான் ஓடியிருந்தன. மூன்றாவது, டேபிளில் ஏற்கெனவே இருந்த ஃபீல்டை மறுபடி சேர்க்கப் போய் விழுந்திருக்கிறது. நான்கும் ஐந்தும் தொடங்கவே இல்லை. அந்த ட்ரூவுக்கு, முதல் கட்டளை தப்பித்தது என்பதற்கு மேல் பொருள் கிடையாது.

சர்வர் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு பதில் அனுப்புகிறது. அவை வரிசையில் நிற்கின்றன. அடுத்த பதிலுக்கு நகரும் நெக்ஸ்ட் ரிசல்ட் ஃபங்ஷனைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாக எடுத்தால்தான் மூன்றாவதின் பிழை கண்ணில் படும். பாதியில் விட்டுவிட்டு அதே கனெக்ஷனில் வேறு குவெரி அனுப்பினால், 'கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்' என்ற 2014-ஆம் எண் பிழை வரும். பாவம், எல்லோரும் அந்தப் புதுக் குவெரியைத்தான் திட்டுவார்கள்.

சரி, செமிகோலன். ஒரு இன்செர்ட்டில் 'ஆகட்டும்; பிறகு பார்க்கலாம்' என்று ஒரு மதிப்பு இருந்தால் போதும், மேற்கோள்குறி மூடாத இரண்டு துண்டுகள் கிடைக்கும். கமெண்ட்டுக்குள்ளும் ட்ரிக்கரின் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கட்டளைகள்) உடலுக்குள்ளும் இதே கதை. எஸ்கியூலைட் டேட்டாபேஸில் இந்தத் தலைவலியே இல்லை. அதன் பிரிப்பேர் ஃபங்ஷன் முதல் கட்டளையை மட்டும் கம்பைல் செய்து, மிச்சம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு பாயின்ட்டரைத் தருகிறது. மிச்சம் தீரும்வரை லூப் ஓட்டினால் ஆயிற்று. பைத்தானின் எஸ்கியூலைட் மாட்யூலில் எக்ஸிக்யூட் ஒரு கட்டளைக்கு மேல் வாங்காது. எக்ஸிக்யூட்ஸ்கிரிப்ட் வாங்கும், ஆனால் வழக்கமான அமைப்பில் பாதியில் நிற்கும் டிரான்ஸாக்ஷனை (முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் மொத்தமாக ரத்தாக வேண்டிய கட்டளைத் தொகுதி) நம்மைக் கேட்காமல் கமிட் செய்து, அதாவது நிரந்தரமாக்கிவிட்டுத்தான் தொடங்கும்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் சி லைப்ரரியான லிப்பிக்யூவில் பிக்யூ-எக்ஸெக் ஃபங்ஷன் வேறு மாதிரி: நாமே பிகின், கமிட் எழுதாத வரை மொத்த ஸ்ட்ரிங்கும் ஒரே டிரான்ஸாக்ஷன், கையில் வருவது கடைசிப் பதில் மட்டும். மதிப்புகளைத் தனியே பாராமீட்டராகச் சேர்த்து அனுப்பும் ஃபங்ஷனோ ஒரே கட்டளைதான் ஏற்கும்.

அந்தக் கெடுபிடி எனக்குப் பிடிக்கும். பயனர் தட்டிய எழுத்து குவெரியில் நேராக ஒட்டிக்கொள்ளும் இடத்தில் பல கட்டளைகளுக்கும் அனுமதி இருந்தால், பின்னால் டேபிளையே அழிக்கும் ஒரு டிராப் டேபிளைச் சேர்த்துவிடுவது ரொம்ப எளிது. அதனால் மைக்ரேஷனுக்கு மட்டும் தனிக் கனெக்ஷனில் அந்த வசதியைத் திறக்கிறேன்; மற்ற இடங்களில் மூடியே கிடக்கும்.

நீங்கள் இப்போதைக்கு நெக்ஸ்ட் ரிசல்ட்டைக் கூப்பிடும் ஒரு லூப்பைப் போட்டு, எத்தனையாவது பதிலில் பிழை என்பதை லாகில் எழுதிப் பாருங்கள். அப்புறம் ஃபைலைத் திருத்தலாம்.