கிளாஸ்கோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு: சிங்கிள் மால்ட்டை எங்கிருந்து தொடங்குவது

தம்பி, வேலைக்காகக் கிளாஸ்கோ வந்து சில மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஊரில் விஸ்கி என்றால் சோடாவோ கோலாவோ ஊற்றிக் குடித்ததுதான் பழக்கம். இங்கே அலுவலகத்தில் எல்லோரும் சிங்கிள் மால்ட் பற்றியே பேசுகிறார்கள். 100 பவுண்டுக்கு நல்லதாக ஒரு பாட்டில் வாங்கித் தொடங்கலாமா, தண்ணீர் ஊற்றினால் சிரிப்பார்களா, ஊருக்குப் போகும்போது மாமாவுக்கு எதை எடுத்துப்போவது என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஊரில் பல வருடமாக இருக்கிறேன். இந்த விஷயத்தின் மேல் எனக்குப் பெரிய பிரியம் உண்டு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

100 பவுண்டு பாட்டில் வேண்டாம். இப்போதைக்கு எந்தப் பாட்டிலுமே வேண்டாம். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பது இன்னும் உங்களுக்கே தெரியாது. அது தெரியாமல் வாங்கும் விலையுயர்ந்த பாட்டில் அலமாரியில் தூங்கும். நகர மையத்தில் ஹோப் ஸ்ட்ரீட்டில் பாட் ஸ்டில் என்ற பழைய பார் இருக்கிறது. சுவர் முழுக்க நூற்றுக்கணக்கில் மால்ட் வைத்திருப்பார்கள். வெள்ளி, சனி இரவில் போகாதீர்கள், கூட்டம் நெரியும். வாரநாளில் மாலை ஐந்து மணிவாக்கில் போய், 'நான் இதற்குப் புதிது, புகை இல்லாததாக ஒன்று கொடுங்கள்' என்று சொன்னால் போதும், பாரில் நிற்பவரே வழிகாட்டுவார். இங்கே ஒரு அளவு என்பது 25 மில்லி அல்லது 35 மில்லி. சாதாரண விலையுள்ள மால்ட்டுகளாகப் பார்த்துக் குடித்தால் அந்த 100 பவுண்டில் 15 வகையாவது ருசித்துவிடலாம். அத்தனையும் ஒரே வாரத்தில் வேண்டாம், ஒரு மாலைக்கு இரண்டு போதும். மூன்றாவதில் நாக்கும் மூக்கும் களைத்துவிடும்.

இனி கிளாஸில் இருப்பது என்ன என்று பார்ப்போம். ஸ்காட்ச் என்ற பெயருக்கு 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன. ஸ்காட்லாந்திலேயே காய்ச்சி, 700 லிட்டருக்கு மிகாத ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு இங்கேயே வைத்திருக்க வேண்டும். பாட்டிலில் அடைக்கும்போது 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சிங்கிள் மால்ட் என்றால் அதற்கும் மேலே கட்டுப்பாடு உண்டு. ஒரே டிஸ்டில்லரியில், முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்து, பாட் ஸ்டில் என்ற செம்புக் காய்ச்சு கலத்தில் காய்ச்சியிருக்க வேண்டும். ஊரில் கிடைக்கும் மலிவு விஸ்கிகளில் பலவற்றுக்கு அடிப்படை கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த ஸ்பிரிட். அதைக் கோலா ஊற்றி மறைத்துக் குடிப்பதில் ஒரு நியாயம் இருந்தது. இங்கே மறைக்க எதுவும் இல்லை.

அடுத்ததாக எல்லோரும் ஒரு வரைபடத்தை நீட்டுவார்கள். ஹைலண்ட், லோலண்ட், ஸ்பேசைட், கேம்பல்டவுன், ஐலா என்று ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி என்று சொல்வார்கள். அதை நம்பி வாங்காதீர்கள் என்பேன். ஐலா என்றாலே புகை என்பார்கள். அதே தீவில் இருக்கும் புன்னஹாவன் வழக்கமாகப் புகையில்லாத விஸ்கிதான் செய்கிறது. ப்ரூக்லாடி ஒரே கூரையின் கீழ் புகையே இல்லாத ஒன்றையும், போர்ட் சார்லட் என்ற புகைந்த ஒன்றையும், ஆக்டோமோர் என்ற கடும் புகையையும் செய்கிறது. கிளாஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் க்ளென்காய்னில் ஹைலண்டுக்கும் லோலண்டுக்கும் இடையிலான எல்லை சாலையாகவே ஓடுகிறது. காய்ச்சுவது சாலைக்கு இந்தப் பக்கம், பீப்பாய்கள் உறங்குவது அந்தப் பக்கம்.

வரைபடத்துக்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்கள். என்ன பீப்பாய்? பீட் புகை உண்டா? எத்தனை சதவீதம்?

பீப்பாய்தான் பெரிய விஷயம். பெரும்பாலான மால்ட் அமெரிக்க பர்பன் விஸ்கி இருந்த பழைய பீப்பாயில் வளர்கிறது. பர்பனுக்கு ஒவ்வொரு முறையும் புதிய கருக்கிய ஓக் பீப்பாய் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய்கள் குவியல் குவியலாக இங்கே வருகின்றன. அந்த அமெரிக்க ஓக் மரத்திலிருந்து வனிலா, தேன், அப்புறம் தேங்காய் மணம் வரும். தேங்காய் என்பது கற்பனை இல்லை, ஓக்கில் இருக்கும் லாக்டோன் என்ற வேதிப்பொருளின் வேலை. நம் மூக்குக்கு அது சட்டென்று பிடிபடும். இன்னொரு வகை, ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி என்ற ஒயின் ஊறிய பீப்பாய். அதில் பேரீச்சம்பழம், உலர்திராட்சை, ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு எல்லாம் வரும். க்ளென்மோரான்ஜி ஒரிஜினலையும் க்ளென்ட்ரோனாக் 12ஐயும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பாருங்கள். இரண்டும் ஹைலண்ட்தான், ஆனால் முதலாவது பர்பன் பீப்பாய், இரண்டாவது ஷெர்ரி பீப்பாய். பத்துக் கட்டுரை படித்தாலும் கிடைக்காத தெளிவு அந்த இரண்டு கிளாஸில் கிடைக்கும்.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கேரமல் நிறம் சேர்க்க விதியே அனுமதிக்கிறது. இயற்கை நிறம் என்று லேபிளில் எழுதியிருந்தால் அதை மதிக்கலாம்.

பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டு மக்கிப் படிந்த செடிகொடிகள். வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். முளைகட்டிய பார்லியை உலர்த்தும்போது அந்தப் புகை தானியத்தில் ஏறிக்கொள்ளும். அதுவே காய்ச்சி, பீப்பாயில் பல வருடம் கிடந்த பிறகும் நிற்கிறது. ஐலாவின் லாஃப்ராய்க்கை முதல் தடவை வாயில் வைத்ததும் டிங்சர் அயோடின், ஆஸ்பத்திரி, கடற்கரையில் எரிந்த கட்டை என்றெல்லாம் தோன்றும். பலர் அங்கேயே ஓடிவிடுவார்கள். அதை முதல் நாளே குடிக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். நடுவில் டாலிஸ்கர் 10 குடித்துவிட்டு அங்கே போங்கள். ஸ்கை தீவில் செய்வது, மிதமான புகை, முடிவில் மிளகுக் காரம். நம்மில் பலருக்கு அது உடனே ஒட்டிக்கொள்கிறது.

சதவீதம் பற்றிச் சுருக்கமாக. 40இல் அடைக்கும் விஸ்கியைப் பெரும்பாலும் குளிர்வித்து வடிகட்டுவார்கள், இல்லையென்றால் குளிரில் கலங்கும். அந்த வடிகட்டலில் வாயில் நிற்கும் எண்ணெய்த்தன்மை கொஞ்சம் போய்விடும் என்பது என் கருத்தும்கூட. 46உம் அதற்கு மேலும் என்றால் அந்த வேலை தேவைப்படாது. டீன்ஸ்டன் 12, புன்னஹாவன் 12, ஆரன் 10, ஆர்ட்பெக் 10 எல்லாம் அந்த வகை. வயதைத் துரத்த வேண்டாம். லேபிளில் 12 என்றால் உள்ளே இருப்பதில் மிக இளையதற்கு 12 வயது, அவ்வளவுதான். பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். வயது ஏற ஏற விலை ஏறுவதற்கு அது ஒரு காரணம். பலமுறை பயன்படுத்திச் சத்துப்போன பீப்பாயில் 18 ஆண்டு கிடந்ததைவிட நல்ல பீப்பாயில் 10 ஆண்டு இருந்தது மேல்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். யாரும் சிரிக்க மாட்டார்கள். பார் மேசையில் தண்ணீர் ஜாடி இருப்பதே அதற்குத்தான். முதலில் எதுவும் சேர்க்காமல் முகருங்கள், வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டு. மூக்கை உள்ளே நுழைத்து இழுத்தால் ஆல்கஹால்தான் அடிக்கும். முதல் மிடறு எரியத்தான் செய்யும், அதை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். இரண்டாவது மிடற்றை நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகருங்கள். புகை மணம் தரும் குவயகால் போன்ற மூலக்கூறுகள் ஆல்கஹால் குறையும்போது மேற்பரப்பை நோக்கி வருகின்றன என்று சுவீடனில் இரு ஆய்வாளர்கள் 2017இல் கணினி மாதிரி கொண்டு காட்டினார்கள். ஐஸ் போட்டால் மணம் அடங்கிப்போகும். கோலா ஊற்ற ஆசையாக இருந்தால் மால்ட்டையும் பிற தானிய விஸ்கியையும் கலந்து செய்யும் பிளெண்டட் ஸ்காட்ச் நல்லதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. வீட்டுக்கு ஒரு க்ளென்கெய்ர்ன் கிளாஸ் வாங்குங்கள். அடி அகன்று வாய் குறுகியிருக்கும், மணம் தங்கும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஈஸ்ட் கில்ப்ரைட்டில் இருக்கிற நிறுவனத்தின் படைப்பு அது.

காரக் குழம்பு சாப்பிட்ட கையோடு ருசி பார்க்க உட்காராதீர்கள். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இங்கே எழுதப்படும் குறிப்புகளில் ஹெதர் பூ, கிறிஸ்துமஸ் கேக் என்று வரும். உங்களுக்குக் கருப்பட்டி, சுக்கு, சாம்பிராணி என்று தோன்றினால் அப்படியே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த நோட்டுதான் உங்களுக்கு எதை வாங்கலாம் என்று சொல்லும்.

பழக்கவழக்கம் ஒன்று. இங்கே நண்பர்கள் முறை வைத்து ரவுண்டு வாங்குவார்கள். மற்றவர்கள் பீர் குடிக்கும் வேகத்துக்கு நீங்கள் மால்ட் குடித்தால் உடம்பு தாங்காது. 'இந்த ரவுண்டு எனக்கு வேண்டாம்' என்று சொன்னால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்கிறது அரசின் மருத்துவ ஆலோசனை. 40 சதவீத விஸ்கி 25 மில்லி என்றால் ஒரு யூனிட், கணக்கு சுலபம். கார் ஓட்டும் விஷயத்தில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தைவிடக் கண்டிப்பு. 2014 டிசம்பரிலிருந்து வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான், இங்கிலாந்தில் 80. மறுநாள் காலையிலும் மாட்டிக்கொள்ளலாம். வழக்கில் தண்டனை விழுந்தால் விசா நீட்டிப்புப் படிவத்திலும் அதைச் சொல்ல வேண்டிவரும். கார் ஓட்டி வந்தவருக்குப் பல டிஸ்டில்லரிகளில் அவர் பங்கைச் சின்னப் புட்டியில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள், கேட்டு வாங்குங்கள்.

ஆனால் முடிந்தவரை காரில்லாமல் போகும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள். க்ளென்காய்ன் நகரத்துக்கு அருகில்தான். முதல் சுற்றுப் பார்வைக்கு அது போதும். மனதார நான் அனுப்ப விரும்புவது கேம்பல்டவுனுக்கு. புக்கனன் பஸ் நிலையத்திலிருந்து 926 ஏறினால் லோமண்ட் ஏரிக் கரையோரமாகவும் மலைக் கணவாய் வழியாகவும் நான்கு மணி நேரத்துக்கு மேல் போகும். ஒரு காலத்தில் 30க்கும் மேற்பட்ட டிஸ்டில்லரிகள் இருந்த ஊர் அது. இருபதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக மூடி, கடைசியில் ஸ்பிரிங்பேங்க்கும் க்ளென் ஸ்கோஷியாவும் மட்டும் எஞ்சின. 2004இல் க்ளென்கைல் மறுபடி திறந்து மூன்றாயின. ஸ்பிரிங்பேங்க்கில் பார்லியை முளைகட்டுவதிலிருந்து பாட்டிலில் அடைப்பதுவரை எல்லாமே ஒரே வளாகத்தில் நடக்கிறது. ஈரப் பார்லியைத் தரையில் பரப்பி, மரத் துடுப்பால் ஆட்கள் புரட்டிக்கொண்டிருப்பார்கள். நெல் காயப்போட்ட களத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அங்கே கொஞ்ச நேரம் நிற்கத் தோன்றும். அவர்களது விஸ்கியில் எண்ணெய், உப்பு, லேசான புகை எல்லாம் கலந்து வரும். எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் அதுதான். சுற்றுப் பார்வைக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது.

அதே பஸ்ஸில் வழியில் கென்னக்ரெய்கில் இறங்கினால் ஐலாவுக்கு ஃபெர்ரி. போர்ட் எலனில் தங்கினால் லாஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் மூன்றுக்கும் கடலோரமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். மொத்தம் சுமார் ஐந்து கிலோமீட்டர், நடந்தே போகலாம். குளிர்காலத்தில் காற்று பலமாக இருந்தால் ஃபெர்ரி ரத்தாகும், திரும்பும் நாளை ஆபீஸ் நாளுக்கு ஒட்டி வைக்காதீர்கள்.

மாமாவுக்கு எதைக் கொண்டுபோவது என்று கேட்டிருந்தீர்கள். இந்தியாவுக்குள் ஒரு பயணி வரியில்லாமல் 2 லிட்டர்வரை மதுபானம் கொண்டுபோகலாம், அதாவது 70 சென்டிலிட்டர் பாட்டில் இரண்டு. விமான நிலையக் கடைகளில் எங்கும் கிடைக்கும் பெயர்களை விட்டுவிடுங்கள். அவர் இதுவரை கோலாவோடுதான் குடித்திருக்கிறார் என்றால் புகைந்தது வேண்டாம், க்ளென்ட்ரோனாக் 12 போல ஷெர்ரி பீப்பாயில் வளர்ந்த ஒன்று கொடுங்கள். ஏற்கெனவே மால்ட் தெரிந்தவர் என்றால் டிஸ்டில்லரியில் மட்டும் விற்கும் பாட்டில் ஒன்று, அல்லது 1842இலிருந்து நடக்கும் கேடன்ஹெட்ஸ் போல, பிற டிஸ்டில்லரிகளின் பீப்பாய்களை வாங்கித் தங்கள் பெயரில் அடைத்து விற்கும் தனிப் பாட்டிலாளர்களிடமிருந்து ஒன்று. பெங்களூருவின் அம்ருத் சிங்கிள் மால்ட் 2004இல் உலகத்துக்கு அறிமுகமானது உங்கள் கிளாஸ்கோவில்தான் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பாட்டிலைச் செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவில் நிற்கும்படி வையுங்கள், மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டு.