வாசகர் கேள்விகள்: தேயிலை மலையில் விழுந்த கடற்பறவை

கேள்வி: எங்கள் தோட்டம் சுமார் 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. சென்ற ஆகஸ்டில், காற்றும் மழையும் விடாமல் அடித்த ஒரு காலையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு அருகே மாணவர்கள் ஒரு பறவையைக் கண்டெடுத்தார்கள். புறாவைவிட மெலிந்த உடல், கரும்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, பிளவுபட்ட நீண்ட வால். நெற்றியின் வெள்ளை நிறம் கண்ணைத் தாண்டிப் புருவம்போல் நீண்டிருந்தது. சோறும் தண்ணீரும் ஊட்டிப் பார்த்தோம், மறுநாள் இறந்துவிட்டது. கடல் சூடாவதால்தான் இப்படி நடக்கிறது என்கிறார்கள். உண்மையா?
(ஆசிரியை, பொகவந்தலாவை)

பதில்: புருவக்கோட்டை இவ்வளவு கவனமாகப் பார்த்து எழுதியதற்கு உங்களுக்கும் மாணவர்களுக்கும் நன்றி. அந்தக் கோட்டை வைத்துத்தான் இது ‘பிரைடில்ட் டேர்ன்’ எனப்படும் ஆலா (ஒரு கடற்பறவை வகை) என்று சொல்ல முடிகிறது. இதற்கு மிக நெருங்கிய கருமுதுகு ஆலாவுக்கு நெற்றி வெள்ளை கண்ணோடு நின்றுவிடும். அரபிக்கடல் பக்கத்துத் தீவுகளில் குஞ்சு பொரித்த இந்த ஆலாக்கள், ஆகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் நமது மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள கடல் வழியாகப் பெருங்கூட்டமாகத் தெற்கே செல்கின்றன. அதே காலத்தில் தென்மேல் பருவக்காற்றும் வீசுவதால், களைத்துப்போன ஒன்றிரண்டு பறவைகள் காற்றோடு அடித்துவரப்பட்டு, கடலையே காணாத மலைகளில் விழுந்துவிடுகின்றன.

ஆகவே, மடுவத்தருகே விழுந்த இந்த ஒரு பறவையைக் கடல் வெப்பத்தின் சாட்சியாக நான் ஏற்கமாட்டேன். பருவக்காற்று பறவைகளை உள்நாட்டுக்குத் தள்ளுவது பழைய வழக்கம். எனினும், வயிறு நிறைந்த பறவை தாங்கக்கூடிய காற்றைப் பட்டினிகிடந்த பறவை தாங்காது. கடல் சூடாவதைப் பற்றிப் பேசவேண்டிய இடம் அதுதான். அடுத்த கேள்வியில் அதற்கு வருகிறேன்.

இனி ஒரு பறவை இப்படிக் கிடைத்தால், வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்; அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சோறு அதன் உணவன்று. கையுறை அணிந்து, அல்லது ஒரு துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாகவும் அமைதியாகவும் வைத்து, வனசீவராசிகள் திணைக்களத்தின் அருகிலுள்ள அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். மாணவர்கள் இரக்கத்தோடு செய்ததைப் பிழையென்று அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: கடல் ஒரு பாகை சூடேறினால் பறவைக்கு என்ன வந்துவிடும்? சிறகு இருக்கிறது, வேறு இடம் போகலாமே?
(உயர்தர மாணவர், பதுளை)

பதில்: நியாயமான கேள்வி. இந்து சமுத்திரத்தின் மேற்பரப்பு 1950களிலிருந்து சுமார் 1 பாகை செல்சியஸ் சூடேறியிருக்கிறது. அந்தச் சூடு பறவையின் உடலை நேரடியாக வருத்துவதைவிட, அதன் உணவை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோய்விடுவதே பெரிய துன்பம். கடலின் மேலே வெதுவெதுப்பான நீரும் கீழே குளிர்ந்த நீரும் அடுக்காக இருக்கின்றன. மீன்களுக்கு உணவாகும் நுண்ணுயிர்கள் வளர்வதற்கு வேண்டிய சத்து, கீழுள்ள குளிர்நீரில் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் அந்தக் குளிர்நீர் மேலெழுவதால்தான் அங்கே மீன் பெருகுகிறது. மேல்நீர் அதிகமாகச் சூடேறினால் அது இலேசாகி ஒரு மூடிபோல் மிதக்கிறது. கீழ்நீர் கலந்து மேலே வருவது கடினமாகிறது. மீன்கள் குளிர்ச்சியைத் தேடி ஆழத்துக்குப் போகின்றன. ஆலாவால் ஆழமாக மூழ்க முடியாது. மேற்பரப்பிலிருந்து ஒரு சாண் அளவுக்குள் மீன் வந்தால்தான் அதற்கு உணவு. கருமுதுகு ஆலா இன்னும் பரிதாபத்துக்குரியது: சூரை மீன்கள் கீழிருந்து விரட்டும் சிறுமீன்களே அதன் இரை, சூரை ஆழத்துக்குப் போனால் விரட்டுவதற்கு ஆளில்லை.

வேறு இடம் போகலாமே என்கிறீர்கள். முட்டையோ குஞ்சோ இல்லாத காலத்தில் போகலாம். கூடுகட்டும் மாதங்களிலோ, இரை தேடிப் போகும் பறவை குறித்த நேரத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ 1982-83இல் வந்தபோது, பசிபிக்கிலுள்ள கிரிட்டிமாட்டித் தீவில் குடியிருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட கடற்பறவைகளில் பெரும்பாலானவை, குஞ்சுகளைக் கூட்டிலேயே விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டன. அவற்றில் பெரும்பகுதி கருமுதுகு ஆலாக்களே.

மூழ்கத் தெரிந்த பறவையும் தப்புவதில்லை. 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் நிலவிய கடல் வெப்ப அலையின்போது, கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா வரையான கரைகளில் ‘கொமன் மேர்’ என்னும் கடற்பறவையின் உடல்கள் சுமார் 62,000 ஒதுங்கின. அலாஸ்காவில் மட்டும் ஏறத்தாழ 40 இலட்சம், அதாவது அங்கிருந்தவற்றில் பாதிக்கும் மேல், இறந்திருக்கலாம் என்று 2024இல் வெளியான ஆய்வு கணித்தது. அவை பட்டினியால் இறந்தன. மீனின் உடல் நீரின் சூட்டையே பின்பற்றுவதால், நீர் சூடேறியதும் பெரிய மீன்களுக்குப் பசி கூடியது. பறவைக்குரிய சிறுமீனை அவையும் பங்குபோட்டன. நுண்ணுயிர்களோ சிறுத்துக் கொழுப்புக் குறைந்தன. அதனால் எஞ்சிய சிறுமீனும் சத்தற்றுப் போயிற்று. இதைப் படித்த நாளிலிருந்து, ஒரு பாகை என்ற சொல்லை என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: எங்கள் பாடசாலை இயற்கைக் கழகத்தை மன்னாருக்கு அழைத்துச் செல்லவிருக்கிறோம். எப்போது போகலாம்? பறவைகள் முன்போல் இருக்குமா?
(ஹட்டன்)

பதில்: நவம்பரிலிருந்து மார்ச் வரை போகலாம், ஜனவரி, பெப்ரவரி எனக்கு மிகவும் பிடித்த மாதங்கள். 2010இல் ராம்சார் ஈரநிலமாக (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக) அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தில் பூநாரைகளையும், வளைந்த நீண்ட அலகுடைய குதிரைமலைக் கோட்டானையும் எதிர்பார்க்கலாம். மாணவர்களுக்கு முக்கியமாகக் காட்டவேண்டியது அனுமன் உப்புக்கொத்தி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் கரையோரங்களில் நிரந்தரமாக வாழும் இச்சிறு பறவை, தனி இனம் என்று 2023இல்தான் நிறுவப்பட்டது. அது வெறும் மணலில் முட்டையிடுவதால், கடல்மட்டம் உயர உயர, சற்றுப் பெரிய அலையொன்றே கூட்டை அள்ளிக்கொண்டு போகும். இராமர் பாலத்து மணல்திட்டுகளில் முட்டையிடும் ஆலாக்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அத்திட்டுகள் 2015இல் கடல்சார் தேசிய பூங்காவாக்கப்பட்டன. கூடுகட்டும் காலத்தில் அங்கே இறங்கவே கூடாது.

முன்போல் இருக்குமா என்பதற்கு ஒரே பயணத்தில் விடை கிடைக்காது. மழை பிந்தினாலோ, உள்நாட்டுக் குளங்கள் நிரம்பியிருந்தாலோ பறவைகள் இடம் மாறி நிற்கும். ஒவ்வோர் ஆண்டும் அதே வாரத்தில், அதே இடத்தில், அதே நேரத்தில் நின்று எண்ணி, நீரின் மட்டத்தையும் சேர்த்துக் குறித்து வாருங்கள். நாட்டின் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவரும் இலங்கைப் பறவைக் கழகம் 1943இல் தொடங்கியது. அவ்வளவு நீண்ட பொறுமை இந்த வேலைக்குத் தேவைப்படுகிறது.

கேள்வி: நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு வரும் பறவைகளையும் கடல் சூடு பாதிக்குமா?
(நானுஓயா)

பதில்: நேரடியாகப் பாதிக்காது. அங்கே வரும் வெள்ளைப் புருவக் கரும் பூங்குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் இமயமலைப் பக்கத்திலிருந்து வருபவை. கடலில் இரை தேடுவதில்லை. பூங்குருவியைக் காண வேண்டுமானால், விடியற்காலையில், ஆட்கள் வருவதற்கு முன், ஓடையோரத்து உதிர்ந்த இலைகளுக்கிடையே பாருங்கள்.