வாசகர் கேள்விகள்: செர்ரி ஜாமும் வேட்டை நாய்களும்

கேள்வி: தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமாஸவ் சகோதரர்கள்' நாவலை மூன்றாவது தடவையாகத் தொடங்கி, மறுபடியும் நூறாவது பக்கத்தில் நிற்கிறேன். ஒரே ஆளுக்கு நாலு பெயர். விட்டுவிடலாமா?
- வாசகர், தேனி

பதில்: விடாதீர்கள். புத்தகத்துக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்பன் ஃபியோதர், பெண் பித்தன், கோமாளி. மூத்தவன் திமித்ரி, கூப்பிடுவது மீத்யா. நடுவில் இவான், படித்தவன். கடைசி அல்யோஷா, மடத்தில் இருக்கிறான். சமையல்காரன் ஸ்மெர்தியாகவ், அவனும் கிழவனுக்குப் பிறந்தவன்தான் என்று ஊர் பேசுகிறது. இவ்வளவு போதும். 1879 ஜனவரியில் ஆரம்பித்து 1880 நவம்பர் வரை பத்திரிகையில் தொடராக வந்த கதை, அதனால் தொடர்கதைக்கே உரிய இழுவை உண்டு. அந்த அப்பன் கொலையாகவே பாதிக் கதை தாண்ட வேண்டும். நானும் கல்லூரி நாளில் மடத்துப் பக்கங்களைத் தள்ளிவிட்டு நேராகக் கொலைக்குத் தாவியவன்தான். யார் கொன்றது என்று தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

கேள்வி: பதினோரு வருஷமாகக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன். குழந்தைகள் படும் பாட்டைப் பற்றி இவான் கேட்பதெல்லாம் சரி என்றே படுகிறது. அல்யோஷா ஏன் பதிலே சொல்லவில்லை? நீங்கள் சாமி கும்பிடுகிறவர் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். நீங்களாவது சொல்லுங்கள்.
- வாசகி, திருச்சி

பதில்: சொல்கிறேன், ஆனால் முதலில் அந்த இடத்தை இன்னொரு தடவை பார்த்துவிடலாம் அம்மா. சாப்பாட்டுக் கடையில் அண்ணனும் தம்பியும் உட்கார்ந்திருக்கிறார்கள். தம்பிக்கு மீன் சூப்பு, டீ, அப்புறம் செர்ரி ஜாம் சொல்கிறான் இவான். சின்ன வயதில் உனக்கு அது ரொம்பப் பிடிக்குமே, ஞாபகம் இருக்கிறது என்கிறான். அந்த ஜாமை வைத்துக்கொண்டுதான் எட்டு வயதுப் பையன் கதை வருகிறது. பண்ணையடிமையின் பிள்ளை, விளையாட்டாக எறிந்த கல் ஜெனரலின் செல்ல நாயின் காலில் பட்டுவிடுகிறது. மறுநாள் காலை பெற்றவள் கண்ணெதிரே பையனின் துணியை உருவி, ஓடு என்று துரத்தி, வேட்டை நாய்களை மொத்தமாக அவிழ்த்துவிடுகிறார் அந்த ஜெனரல். அவரை என்ன செய்யலாம், சுடலாமா என்று இவான் கேட்க, மடத்தில் இருக்கும் சாதுப் பையன் முகம் வெளிறி, 'சுட வேண்டும்' என்கிறான்.

அதனால் அல்யோஷா பதில் சொல்லாமல் இல்லை. இவான் சொன்னதையே அவனும் சொன்னான்!

இந்தக் கொடுமைகளை ஆசிரியர் கற்பனையில் உண்டாக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாமே அச்சில் வந்தவை, நடந்தவை என்று தஸ்தயேவ்ஸ்கி பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியிருக்கிறார். இவானை நாத்திகன் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள், அது தப்பு. கடவுள் இருக்கட்டும், கடைசியில் எல்லாக் கணக்கும் நேராகி எல்லோரும் கட்டிக்கொள்ளும் நாள் வருவதும் வரட்டும், ஒரு குழந்தையின் கண்ணீரை விலையாகக் கொடுத்து வாங்குகிற அந்த நாளுக்கு எனக்கு இடம் வேண்டாம், டிக்கெட்டை மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறான். தன் துக்கத்துக்காக அந்தத் தாய் ஜெனரலை மன்னிக்கலாம், பிள்ளை பட்ட வேதனைக்காக மன்னிக்க அவளுக்கே உரிமை இல்லை என்பதையும் அவன்தான் சொல்கிறான். எனக்கு இதற்கு மறுப்பு தெரியாது. சாமி கும்பிட்டும் தெரியாது.

எழுதியவருக்கும் தெரிந்திருந்ததா என்பது சந்தேகம். 1878 மே மாதம் அவருடைய பிள்ளை இறந்துபோனான், மூன்று வயதுகூட நிறையவில்லை, வலிப்பு. அந்த நோய் அப்பாவுக்கும் உண்டு, அவரிடமிருந்துதான் பிள்ளைக்கு வந்தது என்பதை அவர் எப்படித் தாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர் அல்யோஷா. அடுத்த மாதமே ஆப்தினா மடத்துக்குப் போய் அம்ப்ரோசி என்ற துறவியைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். வந்து எழுதிய நாவலில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு குடியானவப் பெண் அல்யோஷாவின் மடத்திலிருக்கும் ஸோசிமா துறவியைத் தேடி வருகிறாள். அந்தப் பிள்ளைக்கும் மூன்று வயது நிறைய மூன்று மாதம் பாக்கி, அதற்கும் அலெக்ஸி என்றே பெயர், அல்யோஷா என்பது அதன் செல்லச் சுருக்கம். ஆண்டவன் பக்கத்தில் தேவதூதர்களோடு சந்தோஷமாக இருக்கிறது என்று துறவி வழக்கமான ஆறுதலைச் சொல்கிறார். வீட்டுக்காரரும் இதையேதான் சொல்கிறார் சாமி, சொல்லிவிட்டு அவரும் அழுகிறார் என்கிறாள் அவள். ஒரே ஒரு தடவை அந்தக் காலடிச் சத்தம் கேட்டால் போதும் என்று சொல்லி, மடியிலிருந்து பிள்ளையின் சின்ன இடைக்கச்சையை எடுத்துக் காட்டுகிறாள், அதைப் பார்த்ததுமே உடைந்துபோகிறாள். அப்போது ஸோசிமா பேச்சை மாற்றுகிறார்: ஆறுதல் தேடாதே, அழு.

இது இவான் வாய் திறப்பதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது. இவானுக்குப் பதிலாக ஆசிரியர் திட்டம் போட்டு எழுதியது ஆறாம் பாகம், ஸோசிமாவின் வாழ்க்கையும் போதனையும். அது போதுமான பதில்தானா என்ற பயம் அவருக்கே இருந்தது, கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். என்னைக் கேட்டால் போதாது. ஆனால் அந்த இடைக்கச்சையை எடுத்துக் காட்டுகிற பெண்ணை உங்கள் வார்டு வாசலில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், நான் புத்தகத்தில்தான் பார்த்தேன், ஆகவே இதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: 'கடவுள் இல்லையென்றால் எதையும் செய்யலாம்', தஸ்தயேவ்ஸ்கி சொன்னது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, எந்த அத்தியாயம்?
- வாசகர், கோவை

பதில்: அவர் தன் கருத்தாகச் சொன்னதே இல்லை. இவானின் சித்தாந்தம் அது. நாவலில் பெரும்பாலும் அடுத்தவர்கள் வாயில்தான் அடிபடுகிறது. துறவியின் அறையில் உறவினர் ஒருவர் கேலியாகச் சொல்கிறார், சிறையில் மீத்யா திகைத்துப்போய்ச் சொல்கிறான். காதில் வாங்கிக் காரியத்தில் காட்டி, கிழவனைக் கொன்றவன் ஸ்மெர்தியாகவ். மூன்றாவது முறை இவான் பார்க்கப் போகும்போது, நோயாளியாகக் கிடக்கும் அந்த ஆள் காலை நீட்டி, நீளமான வெள்ளைக் காலுறைக்குள் கையை விட்டு நோட்டுக்கட்டை எடுத்து மேசையில் வைக்கிறான். மூவாயிரம் ரூபிள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதானே என்கிறான்.

அந்தச் சந்திப்புக்குப் போகும் வழியில், குடிபோதையில் தன்மேல் மோதிய ஒரு குடியானவனை இவான் பிடித்துத் தள்ளிவிடுகிறான். பனியில் கிடந்து விறைத்துச் சாவான் என்று தெரிந்தே போகிறான். திரும்பி வரும்போது தூக்கிவிட்டு, வைத்தியத்துக்குப் பணம் கொடுத்து, கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அவனுக்காக அலைகிறான். வாட்ஸ்அப்பில் வருவது அந்த ஒரு வரிதான், இந்த ஆள் வருவதே இல்லை.

கேள்வி: இவ்வளவு மனிதநேயம் பேசியவர் யூதர்களை வெறுத்தாராமே?
- வாசகர், சென்னை

பதில்: உண்மைதான், நாவலிலேயே கறை இருக்கிறது. யூதர்கள் பண்டிகைக்குக் குழந்தைகளைத் திருடிக் கொல்வார்களாமே, நிஜமா என்று அல்யோஷாவை நேசிக்கும் லிஸா என்ற பெண் கேட்கிறாள். அல்யோஷா 'தெரியாது' என்கிறான். பொய்ப்பழி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? தொடர் வந்துகொண்டிருந்த அதே 1879இல், ஜார்ஜியாவின் குத்தைசி நகரத்தில் இதே பழியில் நிறுத்தப்பட்ட யூதர்கள் விடுதலையாகியிருந்தார்கள். ஒரு குழந்தையின் கண்ணீருக்கு அவ்வளவு நியாயம் கேட்டவர், இந்த இடத்தில் வழுக்கிவிட்டார். பெரிய எழுத்தாளர் என்று இதை மூடி வைக்க எனக்கு விருப்பமில்லை.

கேள்வி: நாவலில் உங்களுக்குப் பிடித்த ஒரே ஓர் இடம்?
- வாசகி, மதுரை

பதில்: தலையணை. அப்பனைக் கொன்றதாக மீத்யாவைப் பிடித்து, ராத்திரி முழுக்கத் துருவித் துருவிக் கேட்டு, துணியைக்கூடக் களைய வைத்து அவமானப்படுத்துகிறார்கள். அசதியில் அங்கிருந்த ஒரு பெட்டியின்மேல் சாய்ந்து தூங்கிப்போகிறான். கனவில் எரிந்து கருகிய கிராமம், ஈரப்பனி, வற்றிய மார்போடு ஒரு தாய், குளிரில் அழும் குழந்தை. குழந்தை ஏன் அழுகிறது, இவர்கள் ஏன் ஏழையாக இருக்கிறார்கள் என்று வண்டிக்காரனைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். விழித்தால், தூங்கும்போது இல்லாத தலையணை தலைக்கு அடியில் இருக்கிறது. யார் வைத்தது, அவ்வளவு நல்லவர் யார் என்று அழுகிற குரலில் கேட்கிறான். அது யாரென்று கடைசிவரைக்கும் தெரிவதில்லை. அப்புறம் எழுந்து மேசைக்குப் போய், எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்கிறான், எனக்கு ஒரு நல்ல கனவு வந்தது ஐயா என்று சொல்லிக்கொண்டே.