கரண்டியா, ஒட்டிய சேறா?

கேள்வி: கோடியக்கரை உப்பளத்தில் கொசு உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகளின் கூட்டத்துக்குள் ஒரு கரண்டிமூக்கு உள்ளானைப் பார்த்து, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பதிந்தேன். இரண்டு வாரமாகியும் 'உறுதிப்படுத்தப்படவில்லை' என்றே காட்டுகிறது. ஏன்?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: உலகிலேயே சில நூறுதான் மிஞ்சியிருக்கும் பறவை அது. 'கரண்டி போல அலகு' என்று மட்டும் எழுதினால் சரிபார்ப்பவர் ஏற்கமாட்டார். கொசு உள்ளானின் அலகு நுனியில் சேறு அப்பிக்கொண்டாலும் அப்படியேதான் தெரியும். உண்மையான கரண்டியோ பக்கவாட்டில் பார்த்தால் அகலம் தெரியாமல் ஏமாற்றும். பறவை முகத்தை நேராகத் திருப்பும்வரை காத்திருங்கள். அலகைக் கழுவிய பிறகும் அகலம் இருக்கிறதா?

மேய்ச்சலையும் கவனியுங்கள். கொசு உள்ளான் டக்டக்கென்று கொத்தி நகரும். இதுவோ தலையைக் கவிழ்த்து, சேற்றுக்குள் அலகை இருபுறமும் துழாவும். தலை சற்றுப் பெரிது, முகம் வெளுப்பு. ஒரு நிமிட வீடியோ எடுத்தால் பத்துப் படங்களைவிட அதிகம் சொல்லும். தொலைநோக்கியின் கண்பகுதியில் கைபேசியை வைத்து எடுத்தாலே போதும்.

ஈபேர்டில் ஏற்கனவே பதிந்த பட்டியலைத் திறந்து தூரம், வெளிச்சம் எந்தப் பக்கம், எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்பதையெல்லாம் குறிப்பில் சேருங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதாதீர்கள், களத்தில் கண்டதை மட்டும். காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாளக் கொடி இருந்தால் நிறம், எழுத்து, எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா என்பதும் வேண்டும். மறுநாளும் அதே பறவைதான் என்றால் அதையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஒன்று இரண்டாகிவிடும்.