அசாசின்ஸ் கிரீட் தொடரைப் புதிதாகத் தொடங்குபவர் எந்தக் கேமிலிருந்து தொடங்கலாம்?

கேட்டவர் முல்லைத்தீவுக்காரர். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறார். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத லப்டொப். இந்தத் தொடரில் ஒன்றைக்கூட விளையாடியதில்லை. வெளிவந்த வரிசையில் போவதா, கதை நடக்கும் கால வரிசையில் போவதா என்பது அவருடைய கேள்வி.

இரண்டும் வேண்டாம். 2009இல் வந்த அசாசின்ஸ் கிரீட் 2இல் தொடங்குங்கள்.

நான் கிளிநொச்சியில் கணினி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். விண்டோஸ் போட லப்டொப்பைக் கொண்டுவரும் பெடியள் வேலை முடியும்வரை கதிரையில் இருந்துகொண்டு இதே கேள்வியைக் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலாவது கேம் 2007இல் வந்தது. மூன்றாம் சிலுவைப் போர்க் காலம், 1191. அல்தாயிர் என்ற ஆளாக டமாஸ்கஸ், ஏக்கர், ஜெருசலேம் நகரங்களில் திரியலாம். நகரங்கள் இன்றைக்கும் அழகுதான். ஆனால் ஒவ்வொரு கொலைக்கு முன்பும் அதே ஒட்டுக்கேட்பு, அதே பொக்கெட் அடிப்பு, அதே அடித்து விசாரிப்பு. நாலாவது ஆளுக்கு வரும்போது கொட்டாவி வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதில் சப்டைட்டில் கிடையாது. தமிழ் மூலம் படித்த ஒருவருக்கு, மூச்சுவிடாமல் ஆங்கிலத்தில் தத்துவம் கதைக்கும் பாத்திரங்களைக் காதால் மட்டும் பிடிப்பது லேசில்லை. எழுத்தில் வந்தால் பாதியாவது விளங்கும். இரண்டாவதில் அந்த வசதி இருக்கிறது, மெனுவில் போய் ஓன் செய்யுங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு காரணமே போதும்.

கால வரிசை என்பது கேட்க நன்றாக இருக்கும். செய்து பார்த்தால் தலை சுற்றும். முதலில் கி.மு. 431இல் நடக்கும் ஒடிசி, பிறகு கிளியோபாட்ரா கால எகிப்தில் நடக்கும் ஒரிஜின்ஸ், பிறகு 9ஆம் நூற்றாண்டு பாக்தாத்தின் மிராஜ், வல்ஹாலா, அதற்குப் பிறகு 2007இன் முதலாவது கேம். அதாவது 2018, 2017, 2023, 2020, கடைசியில் 2007 என்று முன்னும் பின்னும் போய்வருவீர்கள். கை ஒரு விதமான சண்டைக்குப் பழகும் நேரத்தில் இன்னொன்று வந்து நிற்கும். ஒடிசி ஒன்றையே பக்கக் கதைகளோடு முடிக்க 100 மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதில் களைத்து விட்டவர்களை எனக்குத் தெரியும்.

சரி, ஏன் இரண்டாவது? அது பழக்கும் விதத்துக்காக. கதாநாயகன் எட்சியோ பிறக்கும் காட்சியில், அப்போதுதான் பிறந்த குழந்தையின் காலையும் கையையும் நீங்கள்தான் பட்டன் அமத்தி அசைக்க வேண்டும். எந்தப் பட்டன் எந்த அங்கத்துக்கு என்று அதிலேயே பழகிவிடும். அடுத்தது 1476, புளோரன்ஸ் நகரம். 17 வயது இளந்தாரியாக எட்சியோ பாலத்தில் ஒரு கூட்டத்தோடு அடிபடுகிறான். அடிதடி முடிந்ததும் தமையனோடு தேவாலயக் கூரைக்கு ஓட்டப் பந்தயம். சண்டை, ஓட்டம், ஏறுதல் எல்லாம் அங்கேயே கைக்கு வந்துவிடும், ஒருவரும் பாடம் நடத்துவதில்லை. உச்சியில் தமையனும் தம்பியும் ஊரைப் பார்த்துக்கொண்டு இருக்கும் அந்த இடத்தில்தான் எனக்கு இந்தத் தொடர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொல்லமாட்டேன்.

முதலாவதைத் தவறவிட்டால் கதை விளங்குமா என்று பயப்பட வேண்டாம். இவ்வளவுதான்: அசாசின்கள், டெம்ப்ளர்கள் என்று இரண்டு இரகசியக் கூட்டங்கள் நூற்றாண்டுக் கணக்காக மோதுகின்றன. இன்றைய காலத்தில் டெஸ்மண்ட் என்ற ஒருவனை டெம்ப்ளர்கள் பிடித்து, அனிமஸ் என்ற இயந்திரத்தில் கிடத்தி, அவனுடைய மூதாதையரின் நினைவுகளைத் தோண்டுகிறார்கள். இரண்டாவது கேம் அவன் அங்கிருந்து தப்பிப்பதில் தொடங்குகிறது. இது தெரிந்தால் போதும்.

வசதியையும் பாருங்கள். இரண்டாவதற்கு 8 ஜிபி அளவு இடம் போதும், ஒரிஜின்ஸுக்கு 42 ஜிபி வேண்டும். ரௌட்டரில் இரவு 12 மணிக்குப் பிறகு வரும் டேட்டாவை நம்பி இறக்குபவர்களுக்கு அந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல. 2010இல் கணினிக்கு வந்தபோது, இணையம் அறுந்தால் ஆட்டமும் நின்றுவிடும்படி செய்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துக்கு அது சரிவந்திருக்காது. நல்லவேளை, பிறகு தளர்த்திவிட்டார்கள்.

இத்தாலியும் பழிவாங்கும் கதையும் வேண்டாம் என்றால், 2013இல் வந்த பிளாக் ஃபிளாக்கில் தொடங்கலாம். கரீபியன் கடல், 1715, எட்வர்ட் கென்வே என்ற கடற்கொள்ளைக்காரன். அவன் தொடக்கத்தில் அசாசினே இல்லை, இறந்துபோன ஒருவனின் உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறான். அவனுக்கும் ஒன்றும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. புதியவருக்கு அது வசதி. புயலில் பேரலை வரும்போது கப்பலின் அணியத்தை அலைக்கு நேரே பிடித்து ஏற வேண்டும், பக்கவாட்டில் வாங்கினால் கப்பல் அடிபடும். முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்தவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்களுக்குப் பின்னால் பதுங்கிப் பதுங்கி நடக்கும் கட்டங்கள் மட்டும் அறுவை. உங்கள் லப்டொப்பில் படத்தரத்தை நன்றாகக் குறைத்தால்தான் ஓரளவுக்கு ஓடும். அதோடு, பீரங்கிச் சத்தம் நிறைய. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஹெட்செட் போட்டு விளையாடுங்கள், ஏனென்று வன்னியில் விளக்கத் தேவையில்லை.

அசாசின்ஸ் கிரீட் 3இல் தொடங்க வேண்டாம். டெஸ்மண்டின் கதை அங்கேதான் முடிகிறது, கதாநாயகன் கையில் கிடைக்கவே சில மணித்தியாலம் போகும். யூனிட்டி, வல்ஹாலா, 2025இல் வந்த ஷேடோஸ் எல்லாம் அந்த லப்டொப்புக்கு எட்டாது. நல்ல கணினி கிடைக்கும்போது ஒரிஜின்ஸை எடுங்கள், புதிய பாணிக்கு அதுதான் சரியான வாசல். சண்டையே இல்லாமல் பழைய எகிப்தைச் சுற்றிப் பார்க்கும் டிஸ்கவரி டூர் அதில் இருக்கிறது. வரலாறு படிக்கும் தம்பி தங்கைக்குக் காட்டலாம்.

இரண்டாவதை முடித்தால் நேரே பிரதர்ஹூட், அது விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். பிறகு ரெவலேஷன்ஸ். அதில் எட்சியோ கிழவனாகி விடுவான், அல்தாயிரின் மீதிக் கதையும் வரும். அதைப் பார்த்த பிறகு முதலாவதை விளையாட ஆசை வந்தால் போய் விளையாடுங்கள். எதையும் முழு விலைக்கு வாங்க வேண்டாம், பழைய கேம்களுக்கு அடிக்கடி பெரிய தள்ளுபடி போடுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டாவதைக் கீபோர்டில் விளையாடினால், எந்தக் கீயை அமத்த வேண்டும் என்று அது எழுத்தில் காட்டாது. தலை, கை, கால் படங்களைத்தான் காட்டும். கேம் பழுது என்று நினைக்க வேண்டாம். கன்ட்ரோல்ஸ் மெனுவைத் திறந்து எந்தப் படத்துக்கு எந்தக் கீ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது ஜோய்ஸ்டிக் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது.